மாஸ்டர் கட்டிய கயிறு

"அம்மா, வழின்னா ஒண்ணுதானுங்களே?" என்று கேட்டார் குழந்தைவேல் மாஸ்டர்.

"ஒண்ணுதானுங்க" என்றார் நாச்சம்மாள். அவர் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்புறம் எதுக்கு ஆளுக்கொண்ணு சொல்றீங்க?"

நாச்சம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜவுளிக்கடைக்காரர் வந்தாரு. ஊருக்குப் போய்க் கடையைத் திறங்கன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. டீச்சரம்மா வந்தாங்க. நல்லாத் தூங்குங்கன்னு பாயைக் கொடுத்தீங்க. தூங்குறதுக்கு மடம் எதுக்குங்க? போன வாரம் வந்த கணக்குப்பிள்ளையைப் பாடச் சொன்னீங்க. அவரும் பாடினாரு."

கணக்குப்பிள்ளை பாடியதை நினைத்ததும் மாஸ்டருக்கு முகம் சுளித்தது. கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"எனக்குக் கயிறு கட்டினீங்க. நான் தேறிட்டேன். அதே கயித்தை எல்லாருக்கும் கட்டியிருந்தா எல்லாரும் தேறியிருப்பாங்க இல்லீங்களா?"

நாச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவர்தானே?"

"ஆமாங்க."

"எத்தனை பிள்ளைங்க நிப்பாங்க?"

"மைதானம் கொள்ளாம நிப்பாங்க."

"விசில்?"

"ஒரே விசில்தானுங்க. ஊதினா அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்புவாங்க."

"அத்தனை பேருமா?"

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

"ஒண்ணு ரெண்டு பேர் திரும்ப மாட்டாங்க."

"அவங்களை என்ன செய்வீங்க?"

"வெயில்ல நிக்க வெப்பேன்."

"அதுக்கப்புறம் திரும்பினாங்களா?"

"கறுத்துப் போனாங்க" என்றார் மாஸ்டர்.

நாச்சம்மாள் சிரிக்கவில்லை. மீதிக் கீரையை ஆய்ந்து முடித்து, முறத்தை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டார். பதில் கிடைத்ததா கிடைக்கவில்லையா என்று தெரியாமல் மாஸ்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது அந்த மடம். பெரிய மடம் என்று சொல்ல முடியாது. ஓட்டு வீடு ஒன்று, கூடம் ஒன்று, சமையற்கட்டு, பின்னால் வறண்டுபோன ஒரு பழைய கிணறு. நாச்சம்மாளுக்கு மாஸ்டரைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனாலும் அவர் அம்மா, இவர் சீடர். வயதைப் பார்த்து வருகிற விஷயமா அது?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேசாமல் இருக்க வேண்டியவர் என்று நாச்சம்மாளுக்குத் தோன்றினால், மஞ்சளில் நனைத்த நூற்கயிற்றை அவர் வலது மணிக்கட்டில் கட்டுவார். கயிறு இருக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்களும் அவரோடு பேசக் கூடாது. கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும்.

மாஸ்டர் இங்கே வந்த புதிதில் அவர் வாய்க்கு ஓய்வே கிடையாது. மடத்துக் காக்கைகூட அவரைக் கண்டால் வேறு மரத்துக்குப் போய்விடும் என்று சமையல் செய்யும் தெய்வானை சொல்வாள். வந்த மூன்றாம் நாளே நாச்சம்மாள் அவருக்குக் கயிறு கட்டிவிட்டார்.

முதலில் மாஸ்டருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்கும் பிறகு, ஒருநாள் காலையில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, செத்துப்போன மனைவியின் குரல் அவருக்குள்ளே கேட்டது. "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அவள் தினமும் கேட்பாள். அந்த ஒன்று என்னவென்று மாஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அன்று சாயங்காலம் நாச்சம்மாள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

தன்னைக் காப்பாற்றியது அந்தக் கயிறு என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. தனக்குக் கிடைத்த மருந்து ஊருக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனசு அவருக்கு. நல்ல மனசுக்காரர்களிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நாச்சம்மாளுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூர் போய், அண்ணன் மகள் வீட்டில் தங்கிவிட்டு வரவேண்டும். புறப்படும்போது மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் மடத்தைப் பார்த்துக்குங்க."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாளாகக் காத்திருந்தார்.

"யாராவது வந்தாங்கன்னா?"

"சோறு போடுங்க."

"பாடம்?"

"கூட உக்காந்து சோறு போடுங்க" என்றார் நாச்சம்மாள். பஸ் வந்துவிட்டது.

அவர் போன இரண்டாம் நாளே ஒருவர் வந்தார்.

நாற்பது வயதிருக்கும். கறுத்து, இறுகிய உடம்பு. உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப் போயிருந்தன. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றார்.

"வாங்க, வாங்க" என்றார் மாஸ்டர். "பேரு?"

"ராக்கியண்ணனுங்க."

"தொழில்?"

"கிணறு வெட்டறதுங்க."

"நல்ல தொழில். இத்தனை நாள் வெளியே வெட்டினீங்க. இனி உள்ளே வெட்டணும்."

சொன்னது மாஸ்டருக்கே மிகவும் பிடித்திருந்தது. ராக்கியண்ணனுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

"அம்மா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. நான்தான் பொறுப்பு. முதல்ல சாப்பிடுங்க."

தெய்வானை இலை போட்டாள். நாச்சம்மாள் இருந்தால் வந்தவருக்கு எதிரே தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது வெறும் உபசாரம் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். அன்றைக்கு அவருக்குப் பசியில்லை. எனவே பின்னால் கைகட்டி, இலைக்கு முன்னே உலாவிக்கொண்டு, மௌனத்தின் மகிமையை எடுத்துச் சொன்னார். மௌனத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேச அவரால்தான் முடியும்.

ராக்கியண்ணன் சோற்றை இலையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்தார். மறுபாதியை மட்டும் மெதுவாகச் சாப்பிட்டார்.

மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"மடத்துல சோத்தை மிச்சம் வெக்கக் கூடாதுங்க" என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, கனிவாகத்தான் சொன்னார்.

ராக்கியண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒதுக்கிவைத்த சோற்றை ஒவ்வொரு கவளமாக எடுத்து விழுங்கினார். கண்ணில் நீர் வழிந்தது. சாம்பாரில் காரம் கொஞ்சம் தூக்கல் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து ராக்கியண்ணன் தூணோரம் நின்றார்.

"ஏனுங் மாஸ்டர், ஒண்ணு சொல்லோணுமுங்க. கூட்டாளி ஒருத்தன் இருந்தான். தவறிட்டான். அதை யாருகிட்டயாவது…"

"அதெல்லாம் பேசிப் பேசி ஆறாதுங்க" என்றார் மாஸ்டர். "பேச்சுதான் புண்ணைக் கிளறுது. நான் அனுபவிச்சவன் சொல்றேன்."

பூஜை அறைக்குப் போய், விளக்கு மாடத்திலிருந்து நூற்கண்டை எடுத்தார். நாச்சம்மாள் தவிர வேறு யாரும் அதுவரை அதைத் தொட்டதில்லை. சிறிது தயங்கினார். ஒருவருக்கு நல்லது செய்யக் கேட்டுக்கொண்டா செய்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ராக்கியண்ணன் மறுபேச்சில்லாமல் மணிக்கட்டை நீட்டினார்.

"இனிப் பேசக் கூடாது. யாரும் உங்களோட பேச மாட்டாங்க. கட்டினவன் கையாலதான் இது அவிழும். நாளாக ஆக, உள்ளே ஒரு குரல் கேக்கும்."

அதைக் கேட்டதும் ராக்கியண்ணன் முகம் வெளுத்தது. மாஸ்டர் முடிச்சை இறுக்குவதில் கவனமாக இருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் மாஸ்டருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இப்படி ஒரு சீடர் யாருக்குக் கிடைப்பார்? ஒரு முணுமுணுப்புக் கிடையாது. சைகையில் காட்டிய வேலையைச் செய்தார். கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்தார். தூங்குவதுகூட இல்லை. கண்கள் உள்ளே போய், கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உள்ளே வேலை நடக்குது" என்று தெய்வானையிடம் பெருமையாகச் சொன்னார் மாஸ்டர்.

"எனக்கென்னமோ அந்த மனுசனைப் பார்த்தா பயமா இருக்குதுங்க" என்றாள் அவள்.

"உனக்கு என்ன தெரியும்? நானும் அப்படித்தான் இருந்தேன்."

ஒருநாள் மாஸ்டர் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராக்கியண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. மணிக்கட்டை நீட்டிக் கயிற்றைக் காட்டினார். பிச்சை கேட்கிறவர் கை நீட்டுவது மாதிரி நீட்டினார்.

மாஸ்டர் விரலைத் தன் உதட்டில் வைத்தார். பிறகு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பொறுங்கள், நானும் இப்படித்தான் துடித்தேன் என்று அதற்கு அர்த்தம். விதிப்படி மாஸ்டரும் அவரோடு பேசக் கூடாதல்லவா?

ராக்கியண்ணன் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் இலை போட்டாகிவிட்டது. ராக்கியண்ணனைக் காணவில்லை. கூடத்தில் இல்லை, தோப்பில் இல்லை, ஓடைப் பக்கமும் இல்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

"காலையில பார்த்தனுங்க" என்றாள் தெய்வானை. "பழைய கிணத்துப் பக்கம் போயிட்டிருந்தாரு."

"கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"கயிறு கட்டினவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாஸ்டர் கிணற்றுப் பக்கம் திரும்பினார். அறுபது வயதைத் தாண்டிய கால்கள் அன்று ஓடின.

கிணற்றைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலி ஓரிடத்தில் விலகியிருந்தது. மாஸ்டர் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். சதுரமான, ஆழமான கிணறு. பக்கச் சுவரில் ஆங்காங்கே படிக்கல் நீட்டிக்கொண்டிருந்தது. பாதிக் கல் ஆடும் என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். அடியில், காய்ந்து வெடித்த சேற்றின் மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ராக்கியண்ணன்.

"ராக்கியண்ணா! அங்க என்ன பண்றீங்க? மேல வாங்க."

கீழே அசைவில்லை.

"அடி ஏதாச்சும் பட்டிருக்குதா?"

ராக்கியண்ணன் நிமிர்ந்தார். இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப ஏறி வாங்க."

மறுபடியும் இல்லை என்று தலையசைத்தார். அது மாஸ்டருக்கு முன்னதைவிடப் பயமாக இருந்தது. ஏறி வர முடியாதவர் அல்ல அவர். அங்கேயே இருந்துவிடத் தீர்மானித்தவர்.

"என்ன வேணும்? சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க."

ராக்கியண்ணன் வலது கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார்.

"அது கிடக்குதுங்க, பேசுங்க. நான் சொல்றேன், பேசுங்க."

கை தூக்கியபடியே இருந்தது. கட்டியவன் கையால்தான் அவிழும் என்று அழுத்தி அழுத்திச் சொன்னது யார்? மேலே நின்று கத்திக்கொண்டிருக்கிற இதே ஆள்தான்.

தெய்வானை ஊருக்குள் ஆள் கூப்பிட ஓடினாள். ஆள் வரும்வரை பொறுக்க மாஸ்டரால் முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படிக்கல்லில் காலை வைத்தார்.

கீழே ராக்கியண்ணன் சட்டென்று எழுந்து நின்றார். வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

மாஸ்டர் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் இறங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லாக இறங்கினார். அந்த மனிதரை இந்தக் குழியில் கொண்டுவந்து உட்கார வைத்தது நான்தான் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் தான் உயிரோடு இருந்து பிரயோஜனம் இல்லை என்று நினைத்தார். மனசார நினைத்தார்.

பாதிக் கிணறு இறங்கியிருப்பார். தலையில் என்னவோ உதிர்ந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் மண். தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த கல்லுக்குக் காலை நீட்டினார்.

"மாஸ்டர்! கல்லு வருது! வலப்பக்கம் போங்க! வலப்பக்கம்!"

கிணறு முழுக்க அதிர்ந்த குரல் அது.

முப்பது வருஷம் அடுத்தவர்களை வலப்பக்கம் திருப்பிய மனிதர் அன்று யோசிக்காமல் வலப்பக்கம் தாவினார். பக்கத்துக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு கல், அவர் நின்றிருந்த படியை உடைத்துக்கொண்டு கீழே போய் விழுந்தது.

தூசி அடங்க நேரமாயிற்று.

"இருக்கீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இருக்கனுங்க" என்றார் ராக்கியண்ணன் கீழேயிருந்து. "அசையாதீங்க. நான் சொல்றபடி காலை வைங்க. இடது காலுக்கு நேர் கீழே ஒண்ணு இருக்குது. அது வேண்டாமுங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கறதுல வைங்க. ம், அதுதான்."

சொல்லச் சொல்ல மாஸ்டர் காலை வைத்தார். அடிக்கு வந்து சேர்ந்ததும் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

ராக்கியண்ணன் எதிரே நின்றார்.

"கத்திட்டனுங்க" என்றார். "கயிறு கட்டியிருக்கறப்பவே கத்திட்டனுங்க."

மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு வியர்வையில் இறுகிப் போயிருந்தது. நகத்தால் முடியாமல், பல்லால் கடித்து அறுத்து எறிந்தார்.

"அன்னைக்கு எனக்குக் கத்த வரலீங்க" என்றார் ராக்கியண்ணன்.

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"கூட்டாளி சென்னியப்பன் கீழே. நான் மேலே. எப்பவும் அப்படித்தான். அவன் தோண்டுவான், நான் கூடையை இழுப்பேன். கல்லு வர்றதுக்கு முன்னாடி மண்ணு உதிரும். மேலே நிக்கறவன் அதைப் பார்க்கணும். பார்த்துக் குரல் கொடுக்கணும். அதுக்குத்தானே மேலே நிக்கறது? நான் பார்த்தனுங்க. மண்ணு உதிர்றதை இந்தக் கண்ணால பார்த்தேன். வாயைத் திறந்தேன். சத்தமே வரலை. கனவுல கத்த முடியாம இருக்குமே, அந்த மாதிரி. அவன் கீழே ஏதோ பாடிக்கிட்டிருந்தான்."

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் விதின்னு சொன்னாங்க. அவன் சம்சாரம்கூட என்னைத் திட்டலை. நான் பார்த்தேன், கத்தலைன்னு யாருக்குமே தெரியாதுங்க. யாருகிட்டயாவது அதைச் சொல்லிடணும்னுதான் இங்க வந்தேன். சொல்ல முடியலை, அவன் இருந்த மாதிரி கீழேயே இருந்துரலாம்னு இறங்கிட்டேன்."

கயிறு கட்டும்போது அந்த முகம் ஏன் வெளுத்தது என்று இப்போது மாஸ்டருக்குத் தெரிந்தது. வாய் திறக்காமல் போனதால் ஒரு உயிரைப் பறிகொடுத்தவர். அவரைப் பிடித்து வாயைக் கட்டி, உள்ளே ஒரு குரல் கேட்கும் என்று வேறு சொல்லியிருக்கிறார் மாஸ்டர்.

"ஒரே தூக்குச்சட்டியில சாப்பிடுவோமுங்க" என்றார் ராக்கியண்ணன். "அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. இன்னும் கை தானாப் பிரிச்சு வெச்சுருது."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடத்துல சோத்தை மிச்சம் வெக்கக் கூடாதுங்க. தன் குரல் அப்படியே அவர் காதில் கேட்டது. எவ்வளவு கனிவாகச் சொன்னார். இந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

ஆறுதலாகச் சொல்ல மாஸ்டருக்குப் பல விஷயங்கள் தெரியும். ஒவ்வொன்றும் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. ஒன்றையும் அவர் சொல்லவில்லை. ராக்கியண்ணன் பேசினார். சென்னியப்பன் பாடும் பாட்டைப் பற்றிப் பேசினார், அவன் பீடி பிடிப்பதைப் பற்றி, முதன்முதலில் இருவரும் சேர்ந்து தண்ணீர் கண்ட கிணற்றைப் பற்றி, மறுபடியும் அந்த மண் உதிர்ந்ததைப் பற்றி. அழுதார். ஒரு தரம் சிரிக்கவும் செய்தார். தெய்வானை கூட்டிவந்த ஆட்கள் மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் கையைக் காட்டி அவர்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

வெயில் கிணற்றின் மேல்விளிம்புக்கு ஏறிய பிறகுதான் ராக்கியண்ணன் நிறுத்தினார்.

"பசிக்குதுங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பசிக்குதுங்க" என்றார் ராக்கியண்ணன்.

நாச்சம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, மடத்துக்குப் பின்னாலிருந்து ஒரே சத்தமாக இருந்தது. பழைய கிணற்றில் ஆடுகிற கல்லையெல்லாம் பெயர்த்துப் புதிதாகச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்கியண்ணன் மேலே நின்று, கீழே இருப்பவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?" என்றார் நாச்சம்மாள்.

"வந்தவருங்க" என்றார் மாஸ்டர்.

"நல்ல தொண்டை."

"இப்பல்லாம் ஓயறதே இல்லீங்க" என்றாள் தெய்வானை. "மாஸ்டரே பரவாயில்லைன்னு ஆகிப்போச்சு."

மாஸ்டர் நாச்சம்மாளின் பையை வாங்கி உள்ளே வைத்தார். அவர் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். எடுத்த நூற்கண்டு, ஒதுக்கி வைத்த சோறு, நீட்டிய கை, விழுந்த கல். நாச்சம்மாள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் என்ன நினைத்தன என்றும் தெரியவில்லை.

"நான் சொல்லித் தர லாயக்கில்லாதவனுங்கம்மா" என்று முடித்தார்.

"கிணத்துல எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"மத்தியானத்துக்கு இறங்கினது. பொழுது சாயுற வரைக்கும் இருந்தோம்."

"நீங்க என்ன பேசினீங்க?"

"நான் ஒண்ணும் பேசலீங்க. பசிக்குதான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

நாச்சம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வர்ற வாரம் இன்னொரு கண்ணுக்குப் போகணும். மடத்தை நீங்கதான் பார்த்துக்கணும்."

மாஸ்டர் பதறிப்போனார்.

"நானா? யாராச்சும் வந்தாங்கன்னா?"

"வரட்டும்."

"அம்மா, தயவு பண்ணி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. வர்றவங்களுக்கு நான் என்ன சொல்லித் தரணும்?"

"யாரு வர்றாங்க?" என்று கேட்டார் நாச்சம்மாள்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்குந் தெரியலீங்க, மாஸ்டர்" என்றார் நாச்சம்மாள்.